மீட்டர்காரர் சினிமாவுக்குள் போன வழி

பதினான்கு வருஷமாக அவருக்குக் கதவைத் தட்டுவதே பிழைப்பு. மின்சார அலுவலகத்தில் மீட்டர் கணக்கெடுப்பவர். காலை எட்டரைக்குத் தோளில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் மதியத்துக்குள் இருநூறு வீடு. தெருவில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது. எல்லோருக்கும் அவர் மீட்டர்காரர்தான். ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளாத மனிதர். உட்கார வைத்தால் முழங்கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும் என்பதால் சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே முடிப்பார்.

மனைவிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. நாளெல்லாம் ஊசியும் கண்ணாடிக் குழாயுமாக நின்று களைத்து வருகிறவளுக்கு, மாலையில் அவர் அன்றைய கதவுகளை நடித்துக் காட்டுவார். கணக்கெடுக்கும்போது ஓடினால் கூடுதலாகிவிடும் என்று பயந்து அவசர அவசரமாக மின்விசிறியை அணைக்கும் அம்மாள். அவர் எழுதியது சரிதானா என்று டார்ச் அடித்துத் திரும்பப் பார்க்கும் ஓய்வுபெற்ற வாத்தியார். சண்டையை அப்படியே நிறுத்திவிட்டுப் பல்லெல்லாம் தெரியச் சிரித்து வரவேற்கும் புதுத் தம்பதி. மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அப்படிச் சிரித்த ஒருநாளில்தான் வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

"நீங்க நடிக்கப் போயிருக்கணும்."

அன்றைக்குப் பிடித்த பித்து அது. மறுநாளே போட்டோ ஸ்டுடியோவுக்குப் போய் நான்கு கோணங்களில் படம் எடுத்துக்கொண்டார். அடுத்த பதினோரு மாதத்தில், எடுக்க வேண்டிய விடுப்பெல்லாம் படக் கம்பெனி வாசல்களிலேயே கரைந்தது. எல்லா வாசலிலும் ஒரே கேள்விதான்.

"யாரு சொல்லி வந்தீங்க?"

யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கு அவருக்கு யாருமே இல்லை. அவருடைய சொந்தத்தில் சினிமாவுக்கு மிக நெருங்கிப் போனவர், தியேட்டரில் டிக்கெட் கிழித்த சித்தப்பா ஒருவர்தான். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். "நானேதான் வந்தேங்க" என்பார் இவர். காவலாளி படத்தை வாங்கி வைத்துக்கொள்வார். அதற்குப் பிறகு அது எங்கே போகும் என்று ஒருநாள் கண்ணாலேயே பார்த்துவிட்டார். அவருடைய பக்கவாட்டு முகத்தின்மேல் டீ டம்ளர் உட்கார்ந்திருந்தது.

அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு விஷயம் உறைத்தது. எந்த வீட்டிலும் அவரை யாரும் இந்தக் கேள்வி கேட்டதில்லை. பையைப் பார்த்த மாத்திரத்தில் கதவு திறந்துகொள்ளும்.

டீ டம்ளர் வைத்திருந்த அந்தப் படக் கம்பெனி வேறொரு கணக்கெடுப்பவரின் பகுதியில் இருந்தது. அவரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு நாளைக்குத் தெருவை மாற்றிக்கொண்டார். அதே காவலாளி, தோளில் பையைப் பார்த்ததும் தலையைக்கூட நிமிர்த்தாமல், "மீட்டர் உள்ள, படிக்குப் பக்கத்துல" என்றார். போனார். முதலில் கணக்கை ஒழுங்காக எழுதினார். அதில் அவர் யாருக்காகவும் குறை வைத்தவரில்லை. பிறகு பக்கத்து அறைக் கதவைத் தட்டினார். மேசை முழுக்கக் காகிதம் பரப்பியிருந்த இணை இயக்குநர் நிமிர்ந்தார். முப்பதைத் தாண்டாத வயது, தூங்கி நாளாகிவிட்ட கண்.

படத்தை நீட்டியதும் அவர் படத்தையும் பார்த்தார், பையையும் பார்த்தார்.

"ரீடிங் எடுக்க வந்தீங்களா, சான்ஸ் கேக்க வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்தான் சார்."

இணை இயக்குநருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மீட்டர்காரர் மின்விசிறி அம்மாளை நடித்துக் காட்டினார். அடுத்து டார்ச் வாத்தியார். இணை இயக்குநர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நல்லா பண்றீங்க. ஆனா எல்லா வேஷத்துக்கும் ஆள் போட்டாச்சு. ஒண்ணே ஒண்ணு பாக்கி இருக்கு. கதாநாயகியோட புருஷன்."

மீட்டர்காரர் தோளிலிருந்த பையைக் கீழே இறக்கி வைத்தார்.

"படம் ஆரம்பிக்கும்போதே செத்துப்போயிடுறான்" என்று முடித்தார் இணை இயக்குநர்.

வீட்டில் அதைச் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை. "பொணமா நடிக்கறதுக்கா இவ்ளோ லீவு போட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த அறையிலிருந்த அவருடைய அம்மா வானொலியின் சத்தத்தைக் கூட்டினார்.

படப்பிடிப்புத் தளத்தை மருத்துவமனைப் பிணவறை மாதிரி அமைத்திருந்தார்கள். எஃகு மேசை. மேலே சட்டையில்லாமல் படுத்ததும் முதுகு விறைத்தது. முகத்துக்கு வெளுத்த பவுடர், உதட்டுக்கு நீலம். கதாநாயகி துணியை விலக்கி, அவர் முகத்தைப் பார்த்து உடைந்து அழ வேண்டும். அவ்வளவுதான் காட்சி. அவர் சும்மா கிடந்தால் போதும். வாழ்க்கையில் ஒரு நிமிஷம் சும்மா கிடந்தறியாதவருக்குக் கிடைத்த முதல் வேஷம் இது.

முதல் தடவை கண்ணிமை துடித்தது. இரண்டாவதில் கட்டைவிரல். மூன்றாவது தடவை எல்லாம் சரியாக வந்து, அவள் அழுது முடிக்கிற நேரத்தில் வயிறு கடமுடவென்று சத்தம் போட்டது. நான்காவதில் மூச்சை அளவுக்கு மீறி அடக்கி இருமிவிட்டார். இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"யாருய்யா இந்த ஆளப் புடிச்சது? பொணத்துக்குக்கூட ஒரு ஆள் கிடைக்கலையா?"

மீட்டர்காரர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். எழுந்து இப்படியே ஓடிவிடலாமா என்று கால் பரபரத்தது. துணியைச் சரிசெய்வதுபோல் குனிந்த கதாநாயகி, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"அசையக் கூடாது, அசையக் கூடாதுன்னு நினைச்சா அசைஞ்சிடுவீங்க. மனசுக்குள்ள வேற எங்கயாவது போயிடுங்க."

போனார். அவருக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான். தன் பகுதியின் முதல் தெருவில் முதல் வீட்டு வாசலில் போய் நின்றார். இரும்புக் கதவு, இடப்பக்கம் மீட்டர், மேலே குளவிக்கூடு. அடுத்த வீட்டில் செருப்பு அலமாரிக்குப் பின்னால். அதற்கடுத்த வீட்டில் நாய், கட்டிப் போட்டிருக்கும். உடம்பை மேசையிலேயே விட்டுவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். இரண்டாம் தெருவின் நடுவில் போய்க்கொண்டிருந்தபோது யாரோ தோளைத் தட்டினார்கள்.

"அண்ணே, ஷாட் முடிஞ்சிடுச்சு. ஓகே ஆயிடுச்சு."

அடுத்த கோணத்துக்கு விளக்கை நகர்த்தும்வரை அப்படியே படுத்திருக்கச் சொன்னார்கள். தலைமாட்டில் இயக்குநருக்கும் இணை இயக்குநருக்கும் வாக்குவாதம் கிளம்பியது. அடுத்த வாரம் எடுக்கவிருந்த வீட்டின் சொந்தக்காரர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டாராம்.

"மூணு வாரமா தேடிப் புடிச்ச வீடு சார் அது. வாசல்ல நின்னா சமையலறை தெரியணும், படி உள்ளேயே வளைஞ்சு போகணும், திருப்பத்துல ஜன்னல் இருக்கணும். நான் எங்க போவேன்?"

"இருக்குங்க" என்றது பிணம்.

இருவரும் திரும்பினார்கள். மீட்டர்காரர் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"பச்சை கேட் வீடு. மீட்டர் படிக்குக் கீழ இருக்கு, குனிஞ்சுதான் பாக்கணும். அங்க குனிஞ்சா சமையலறையில அடுப்பே தெரியும். திருப்பத்துல ஜன்னல் இருக்கு, கம்பி கிடையாது. காலையில பத்து மணிக்கு வெயில் நேரா படியில விழும்."

இயக்குநர் அவர் பக்கம் குனிந்தார். "வெயில் எப்ப விழும்னுகூடத் தெரியுமா?"

"எப்ப ரீடிங்குக்குப் போனாலும் எனக்கு அந்த வீட்டுல மணி பத்துதாங்க."

சாயங்காலமே வண்டியில் கூட்டிக்கொண்டு போனார்கள். பவுடரைத் துடைக்க நேரமில்லை. கதவைத் திறந்த அம்மாள் அவரைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"போன வாரம்தானே ரீடிங் எடுத்தீங்க? என்ன இப்படி வெளுத்துப் போயிருக்கீங்க, உடம்பு சரியில்லையா?"

வீடு அமைந்துவிட்டது. அதோடு விடவில்லை. ஒரு மருந்துக்கடை, இருட்டான ஒரு முட்டுச்சந்து, எதிரெதிர் ஜன்னல் உள்ள இரண்டு மாடி என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவரும் கண்ணை மூடி, தெருத்தெருவாய் நடந்து பார்த்துவிட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தார். படம் முடிவதற்குள் ஆறு இடம். மூன்றாவது மாதம் விஷயம் அலுவலகத்தின் காதுக்கு எட்டியது. அரசாங்கப் பையை மாட்டிக்கொண்டு சினிமாவுக்கு வீடு பார்க்கிறார் என்று விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. அதில் பொய் எதுவும் இல்லை. அதனால்தான் அவருக்குப் பதில் எழுத வரவில்லை.

வேலையை விட்டுவிடலாமா என்று இரண்டு வாரம் வீட்டுக்குள்ளேயே உலாத்தினார். கூடத்திலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து கூடம். மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"நடிக்கப் போறேன்னு போனீங்க. இப்ப வீடு பாக்குற வேலைக்காக இருக்குற வேலைய விடப்போறீங்க. இதுல எதுக்குத்தான் நீங்க ஆசைப்பட்டீங்க?"

"உள்ள இருக்கணும். அவ்வளவுதான்."

"உள்ளன்னா எங்க?"

அவர் மறுபடியும் சமையலறைப் பக்கம் நடந்தார். அவள் கொடியில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டாள். பிறகு, "என் வேலை இருக்கு. ரெண்டு வருஷம் பாருங்க. அதுக்கு மேல என்கிட்ட கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள். ராஜினாமாக் கடிதத்தையும் அவர் நின்றுகொண்டே எழுதினார்.

படம் வந்தது. அவர் முகம் நான்கு நொடி. அந்த நான்கு நொடியும் அம்மா குனிந்து செருப்பைத் தேடினார். மனைவி கண்ணை எடுக்காமல் பார்த்தாள். வெளியே வந்ததும், "நிஜமாவே போயிட்ட மாதிரி இருந்தீங்க" என்றாள். அதைப் பாராட்டென்று எடுத்துக்கொள்வதா என்று அவருக்கு அன்று முழுக்கப் புரியவில்லை.

இரண்டு வருஷம் ஐந்தாகிவிட்டது. அவள் கேட்கவில்லை, அவரும் ஞாபகப்படுத்தவில்லை. படத்துறையில் அவருக்கு 'மீட்டர் அண்ணன்' என்று பெயர். திரையில் எழுத்து ஓடும்போது இட ஏற்பாடு என்ற வரிக்கு எதிரே அவர் பெயரும் ஓடுகிறது. ஒவ்வொரு படத்திலும் மறக்காமல் ஒரு வேஷம் கேட்பார். சில சமயம் கிடைக்கும்: கதவைத் திறக்கிறவர், பேருந்தில் தூங்குகிறவர், இன்னும் இரண்டு பிணம்.

பழைய இணை இயக்குநர் இயக்குநரானபோதுதான் முதன்முறையாக வசனம் வந்தது. பள்ளிக்கூடத்தைவிட்டு நிறுத்தப்பட்ட மகளுக்காகத் தலைமையாசிரியரிடம் பேசும் அப்பா. இரண்டு பக்கம். மூன்றாவது தடவையில் சரியாக வந்தது. யாரும் கை தட்டவில்லை. "ஓகே, அடுத்தது" என்றார்கள், விளக்கை நகர்த்தினார்கள், அவர் வெளியே வந்தார். டீ வாங்கி ஒரு வாய் குடிப்பதற்குள் போன் அடித்தது. வேறொரு படத்தின் நிர்வாகி.

"மீட்டர் அண்ணே, சனிக்கிழமைக்குள்ள ஒரு மொட்டை மாடி வேணும். தண்ணித் தொட்டி கண்ணுல படக் கூடாது."

டீயை வைத்துவிட்டு அவர் ஏற்கெனவே நடக்க ஆரம்பித்திருந்தார். மூன்று மாடிகள் மனசில் வந்து நின்றன.

"இருக்கு. பாத்துடலாம்" என்றார். "அந்த மாடியில யாராவது வந்து பேசுறாங்களா? ஆள் முடிவாயிடுச்சா?"