விஜயத்தின் கை பட்ட செம்பருத்தி

வலியசாலை அக்ரகாரத்தில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கும். செடி வைக்க ஒரு முழம் மண் இருக்காது. வாசலில் வைத்தால் மாடு தின்றுவிடும். மாடு விட்டதை எதிர்வீட்டு மாமிகள் பூஜைக்குப் பறித்துவிடுவார்கள். அதனால்தான் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த வெங்கடேஸ்வரன், கொல்லம் ஆண்டு 1103-ல், அதாவது இங்கிலீஷ் கணக்கில் 1928-ல், ஒரு செம்பருத்தியை மண்தொட்டியோடு வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தார். பூஜை அறைக்கு வெளியே, கூரையில் ஒரு கண்ணாடி ஓடு பதித்த இடம். அந்த வெளிச்சம் போதும் என்று அவரே முடிவு செய்துகொண்டார். வெள்ளிக்கிழமைதோறும் அம்பாளுக்கு ஒரு சிவப்புப் பூ, அவர் ஆசை அவ்வளவுதான்.

ஆசைக்குத் தகுந்த கவனிப்பும் இருந்தது. அபிஷேகம் செய்த பாலும் ஜலமும் கால் மிதிபடாத இடத்தில் சேர வேண்டுமே! தொட்டியைவிடத் தோதான இடம் ஏது? தினமும் ஒரு சொம்பு நிறைய, மந்திரம் சொல்லி, செடியின் அடியில் ஊற்றிவிடுவார்.

செடி மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தது. பிறகு இலைகள் மஞ்சளாயின. மொட்டு வரும், உதிரும். தண்டெல்லாம் மாவு தூவினாற்போல் வெள்ளைப் பூச்சி. தொட்டியைச் சுற்றி எறும்புப் படை.

குற்றவாளியைக் கண்டுபிடிக்க வெங்கடேஸ்வரனின் விதவை அக்கா ஆவுடையம்மாளுக்கு அரை நாள்கூட ஆகவில்லை. "இவள் கை பட்டிருக்கு. வேற என்ன?" என்றாள். இவள் என்றால் வெங்கடேஸ்வரனின் மனைவி விஜயம். மாதத்தில் மூன்று நாள் அவள் கொல்லைப்புற அறையில் ஒதுங்கி இருக்க வேண்டும். அந்த நாட்களில் பெண்ணின் கை பட்டால் செடி பட்டுப்போகும் என்று தெருவே நம்பியது. கல்யாணமாகிப் பத்து வருஷம், குழந்தை இல்லை. வீட்டில் எது வாடினாலும் அவள் தலையில் போடுவது சுலபமாக இருந்தது.

வெங்கடேஸ்வரன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த வாய்மூடித்தனத்தை மன்னிப்பது கஷ்டம். அதைவிடக் கொடுமை, விஜயமே பாதி நம்பிவிட்டாள். அந்த நாட்களில் செடிப்பக்கமே போனதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் தன் கையைத் தானே புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொள்வாள். இந்தக் கையில் எதுவுமே தங்காதோ என்று ஒருநாள் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதாள்.

"சாகப்போற செடி பூஜைகிட்ட இருக்கப்பிடாது. நீயே கொண்டுபோய் உன் அறையில வெச்சுக்கோடி" என்றாள் ஆவுடையம்மாள். விஜயம் மறுபேச்சில்லாமல் தூக்கிக்கொண்டு போனாள். அந்த அறைக்குக் கிழக்கே ஒரு ஜன்னல் உண்டு, காலை வெயில் தாராளமாக விழும். அபிஷேக ஜலமோ தீட்டு அறைக்கு வராது. இதை யாரும் யோசிக்கவில்லை.

அந்த மாதம் ஒதுங்கிய முதல் நாள் அவளுக்கு வேலை ஒன்றும் இல்லை. தொட்டி முகத்துக்கு நேரே இருந்தது. புளித்த வாடை வந்தது. குனிந்து முகர்ந்தாள், திரிந்த பால்! விளக்குமாற்றுக் குச்சியை மண்ணில் விட்டால் சேறாக ஒட்டிக்கொண்டு வந்தது. தொட்டியின் அடி ஓட்டை அடைத்துப்போயிருந்தது.

தொடலாமா? ஒரே ஓர் இலையைத் தொட்டுவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் காலையிலும் அந்த இலை அப்படியே இருந்தது. அப்புறம் விடுவாளா? புளித்த மேல்மண்ணை வழித்தெறிந்தாள், ஓட்டையைக் குத்தித் திறந்தாள், ஈரத்துணியால் தண்டு தண்டாகப் பூச்சியைத் துடைத்தெடுத்தாள். அதற்குப் பிறகு எந்த நாளானாலும் விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் தண்ணீர்.

மூன்றாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அவள் ஒதுங்கியிருந்த நாளிலேயே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூ விரிந்தது. கிணற்றடியில் குளித்துவிட்டு வந்த வெங்கடேஸ்வரன் ஜன்னலில் அதைப் பார்த்து ஈர வேட்டியோடு நின்றுவிட்டார். அக்காவையும் கூப்பிட்டார்.

"விஜயம், நீ தள்ளி நில்லு. ஜன்னல் வழியா நானே பறிச்சு, ஜலம் தெளிச்சு எடுத்துக்கறேன். செடியை நீ தொடலையோல்லியோ?" என்று வெங்கடேஸ்வரன் ஜன்னலுக்குள் கையை நீட்டினார்.

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். பூ அம்பாளுக்குப் போயிருக்கும், அவளுக்கும் நல்ல பேர் கிடைத்திருக்கும்.

"தொட்டேன். ஒரு இலை பாக்கியில்லை. மாசாமாசம் இந்த மூணு நாளும் தொட்டுத் துடைச்சதே நானாக்கும்."

வெங்கடேஸ்வரனின் கை ஜன்னல் கம்பியோடு நின்றது. ஆவுடையம்மாள் பூவைப் பார்த்தாள், விஜயத்தைப் பார்த்தாள். "அப்போ எப்படிடி பட்டுப்போகலை?"

"வேர்ல பால் விடலை அக்கா. முன்னே அழுகினது அந்தப் பாலாலயாக்கும். என் கையால இல்லை."

பத்து வருஷத்தில் அந்த வீட்டில் அவள் அப்படிப் பேசியதே இல்லை. சொல்லி முடித்ததும் சந்தோஷமாக இருந்தது. அவர்கள் இருவரும் திரும்பி நடந்தபோது அவளே கூப்பிட்டாள்.

"இன்னொண்ணு கேட்டேளா? பூ சாயங்காலம் வாடிடும். செம்பரத்திக்கு ஒரு நாள்தான் ஆயுசு. அதுக்கும் என்னைச் சொல்லாதேங்கோ."