போர்டிகோவின் மேல்கம்பி

திலகவதியிடம் பாராட்டு வாங்கிய கொத்தனார் புதுக்கோட்டை வட்டாரத்தில் யாரும் இல்லை. வேலை மிகச் சரியாக இருந்தால் "ம், இருக்கட்டும்" என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் வராது. புதிதாக வருபவர்கள் இதைத் தலைக்கனம் என்று நினைப்பார்கள். பழகியவர்கள் அப்படி நினைப்பதில்லை. தன் வேலையைப் பற்றியும் அவள் அதற்கு மேல் சொல்லிக்கொண்டதில்லை.

கீழ ராஜ வீதியில் ஒரு பேட்டரிக் கடையின் மாடியில் இருக்கிறது குணசேகரனின் கட்டட வடிவமைப்பு அலுவலகம். பதினாறு வருஷத்துக்கு முன்னால், டிப்ளமோ முடித்த கையோடு, வரைபடங்களைப் பிரதி எடுக்கும் வேலைக்குத்தான் அங்கே சேர்ந்தாள். மூன்றாவது மாதம், ஒரு படிக்கட்டுப் படத்தில் கம்பி தவறான பக்கமாக மடங்கியிருக்கிறது என்று முதலாளியிடமே போய்ச் சொன்னாள். குணசேகரன் அரை நாள் கணக்குப் போட்டுப் பார்த்தார். மறுநாள் பிரதி எடுக்கும் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, கணக்குப் போடும் வேலையை இவளிடம் கொடுத்தார். பிறகு திருச்சிக்கு மாலை பஸ்ஸில் போய்வந்தே பி.இ. முடித்தாள். இப்போது அந்த அலுவலகத்தில் அவள் கையெழுத்து இல்லாமல் எந்த மாடிக்கும் கான்கிரீட் விழாது.

போன ஆவணியில் அந்தக் கையெழுத்துக்கே ஒரு சோதனை வந்தது.

கீரனூரைத் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஆவுடையப்பனின் வீடு. ஆவுடையப்பன் மஸ்கட்டில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் சூப்பர்வைசர். மாடி கான்கிரீட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றே லீவு போட்டு வந்திருந்தார். கான்கிரீட் போடும் நாளுக்கு மறுநாள் இரவு திருச்சியில் விமானம். வீட்டின் வடகிழக்கு மூலையில், தூண் எதுவும் இல்லாமல் ஐந்தடி வெளியே நீட்டிக்கொண்டு ஒரு போர்டிகோ. அவர் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான்.

முந்தின நாள் மாலை திலகவதி போய்க் கம்பிகளை அளந்து, எல்லாம் சரி என்று சைட் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டாள். இறங்கும்போது ஆவுடையப்பன் கேட்டார்: "காலையில மேல ஏறிப் பூஜை போடலாங்களா மேடம்?"

"தாராளமாப் போடுங்க" என்றாள். எல்லாரும் கேட்கும் கேள்வி, எல்லாருக்கும் சொல்லும் பதில்.

காலை எட்டரைக்கு அவள் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தபோது மிக்சர் மிஷின் ஓடத் தொடங்கியிருந்தது. சித்தாள்கள் தலையில் சும்மாடு கட்டி நின்றார்கள். ஒன்பது மணிக்குள் முதல் சட்டி விழ வேண்டும் என்று நேரம் குறித்துக் கொடுத்திருந்தவர் ஆவுடையப்பனின் மச்சான் சிவசாமி. பூஜை நல்லபடியாக முடிந்து எல்லோர் நெற்றியிலும் விபூதி. இலையில் சர்க்கரைப் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டபடியே "பூஜை எங்கிட்டுப் போட்டீங்க?" என்று கேட்டாள்.

"ஈசானி மூலையிலதான். வேற எங்க போடுவாக?" என்றார் சிவசாமி. "சொந்தபந்தம் மொத்தமும் மேல ஏறிருச்சு. இருபத்தஞ்சு பேரு. நிக்க எடமில்ல."

பொங்கல் இலையை வைத்துவிட்டு ஏணியில் ஏறினாள்.

போர்டிகோவில் பூவும் மஞ்சளும் சிதறிக் கிடந்தன. அதற்குக் கீழே கம்பி வலையும் கிடந்தது. கிடக்கக் கூடாது, நிற்க வேண்டும். கான்கிரீட்டைத் தாங்க அடியில் அடித்த சென்ட்ரிங் பலகைக்கு ஐந்து அங்குலம் மேலே இருக்கும்படி அந்த வலையைத் தாங்கிய குட்டிக் கம்பிக் கால்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. டேப்பை இறக்கி அளந்தாள். ஒன்றரை அங்குலம். இன்னும் நாலு இடத்தில் அளந்தாள். எங்குமே இரண்டைத் தாண்டவில்லை.

நான்கு பக்கமும் சுவர் தாங்கும் அறையின் மேல்தளத்தில் முக்கியமான கம்பி அடியில்தான் இருக்கும். அதன் மேல் ஊரே ஏறி நின்றாலும் கெட்டுப்போக ஒன்றுமில்லை. ஆனால் வெளியே நீட்டிய தளத்துக்குப் பலம் மேல்கம்பியில் இருக்கிறது. அது கீழே போய்விட்டால் மூன்றில் ஒரு பங்கு பலம்கூட மிஞ்சாது. கான்கிரீட் போட்டு மூடிவிட்டால் யாருக்கும் தெரியப் போவதுமில்லை. அடியில் முட்டுக் கொடுத்த கால்களை அகற்றும் நாள்வரை நன்றாகவே இருக்கும்.

ரிஜிஸ்டரில் அவள் கையெழுத்து இருந்தது. நேற்று மாலை ஐந்தரைக்கு அது உண்மை. உண்மைக்கும் ஒரு நேரம் உண்டு என்பதை அவள் புத்தகத்தில் படித்திருக்கிறாள். அது கம்பிக்கும் பொருந்தும் என்று இதுவரை யோசித்ததில்லை. 'தாராளமா' என்று சொன்னதும் அவள்தான்.

"மிஷினை நிறுத்துங்க" என்று மேலிருந்து குரல் கொடுத்தாள்.

சிவசாமி அண்ணாந்து பார்த்தார். "என்னங்க மேடம், மணி எட்டே முக்கால். நேத்து சரின்னு எழுதிக் குடுத்துட்டு இப்ப நிறுத்துங்கறீங்க. ராவோட ராவா இன்ஜினியரிங் மாறிப்போச்சா?"

"இன்ஜினியரிங் மாறல. கம்பி மாறிருச்சு. நீங்க இருபத்தஞ்சு பேரு மிதிச்சிருக்கீங்க."

"இருபது வீட்டுக்கு நேரம் குறிச்சிருக்கேன். எல்லா வீட்லயும்தான் மிதிச்சாக. ஒண்ணு விழுந்திருக்கா?"

"அந்த இருபதுல தூணில்லாத போர்டிகோ எத்தன?"

சிவசாமி விரல் மடக்கி எண்ணத் தொடங்கினார்.

திலகவதி குணசேகரனுக்கு போன் செய்தாள். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "மேல நாலு கம்பி கூடப் போட்டு நடத்திறலாமா?" என்றார்.

"எண்ணிக்கை குறையல சார். எடம் தப்பு."

"கையெழுத்துப் போட்டாச்சேம்மா."

"போட்டது நான்தானே சார். நானே அடிச்சிர்றேன்."

"சரி. செய்" என்றார்.

கீழே வந்து ரிஜிஸ்டரை வாங்கி, எல்லோரும் பார்க்கத் தன் கையெழுத்தின் மேல் கோடு போட்டாள். "பூஜைக்கு முன்னாடி அளந்தது என் தப்பு. மேல ஏறலாம்னு சொன்னதும் என் தப்பு" என்றாள். வருத்தமாகச் சொல்லவில்லை, அளவு சொல்வதுபோலச் சொன்னாள்.

ஆவுடையப்பனின் முகம் சுருங்கிவிட்டது. "நாளைக்கு ஃபிளைட்டுங்க எனக்கு. இன்னிக்கு விட்டா அடுத்த லீவு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான்."

"கான்கிரீட் இன்னிக்கே போடுவோம். இந்தச் சட்டியைத் தூக்கிக் கையை நேரா நீட்டுங்க."

ஒரு சட்டி ஜல்லியை அவர் கையில் மாட்டினாள். நீட்டினார். கை கீழே இறங்கப் பார்த்தது.

"எங்க இழுக்குது?"

"தோளுக்கு மேல."

"அங்கதான் கம்பி இருக்கணும். ஒங்க வீட்ல இப்ப அது அக்குள்ல கெடக்கு."

சித்தாள்கள் சிரித்துவிட்டார்கள். ஆவுடையப்பன் சிரிக்கவில்லை, சட்டியை இறக்கிவைத்துத் தோளைத் தடவிக்கொண்டார்.

கம்பி கட்டும் ஐயனார் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கால்களை நிமிர்த்தி, நெருக்கமாகப் புதிய கால்களும் வைக்க இரண்டு மணி நேரம் ஆகும் என்றார். திலகவதிக்கு அது போதும். "பின்னாடி தென்மேற்கு ரூமுல ஆரம்பிங்க. கான்கிரீட் முன்னாடி வந்து சேர மணி பன்னெண்டாயிரும். அதுக்குள்ள ஐயனார் முடிச்சிருவாரு. நேரமும் தப்பாது."

"அதெப்படி?" சிவசாமி குறுக்கே வந்தார். "பூஜை போட்ட மூலையிலதான் முதச் சட்டி விழணும். ஒரே ஒரு சட்டி அங்கிட்டுப் போட்டுட்டுப் போங்க."

"ஒரு சட்டியும் கெடையாதுங்க. மூணு மணி நேரத்துல அது கல்லாயிரும். புதுக் கான்கிரீட் அதோட ஒட்டாது."

இவ்வளவு நேரம் அடுப்படிப் பக்கம் நின்ற செல்வராணி முன்னால் வந்தாள். ஆவுடையப்பனின் மனைவி, சிவசாமிக்குத் தங்கை.

"அண்ணே, நீ நேரம் குறிச்சது வீட்டுக்கா, மூலைக்கா?"

"ரெண்டுக்குந்தான்."

"நீ ஒன் வீட்ல இருப்ப. இவுக மஸ்கட்ல இருப்பாக. அந்தப் போர்டிகோவுக்கு அடியில தெனமும் நிக்கப்போறது நானும் எம் புள்ளைகளும். மேடம், நீங்க பின்னாடியே ஆரம்பிங்க."

ஆவுடையப்பன் தலையாட்டினார். எட்டு ஐம்பத்தைந்துக்குத் தென்மேற்கு மூலையில் முதல் சட்டியை அவரே கொட்டினார். சிவசாமி தூரத்தில் நின்று கைகூப்பினார், சாமியைப் பார்த்தா கான்கிரீட்டைப் பார்த்தா என்று தெரியவில்லை.

ஐயனார் முடித்ததும் திலகவதி போர்டிகோவைப் பன்னிரண்டு இடத்தில் அளந்தாள். எல்லாம் ஐந்து. அடித்த கையெழுத்துக்குக் கீழே புதிதாக ஒன்று போட்டு, பக்கத்தில் மணியையும் எழுதினாள். பிறகு பலகையைக் குறுக்கே போட்டு, ஆட்கள் அதன் மேல் மட்டும் நடக்கும்படி பார்த்துக்கொண்டாள். கான்கிரீட் கம்பியை மூடும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

அந்த வாரமே அலுவலகத்தின் சரிபார்ப்புத் தாளில் ஒரு வரி சேர்த்தாள்: 'பூஜை முடிந்த நேரம். அளந்த நேரம்.'

குணசேகரன் அதைப் பார்த்துச் சிரித்தார். "பூஜைக்கு ஒரு கட்டமா? படிக்கிறவன் என்னம்மா நினைப்பான்?"

"நினைச்சுக்கட்டும் சார். ரெண்டாவது நேரம் முதலாவதுக்குப் பின்னாடி இருந்தாத்தான் நம்ம கையெழுத்து."

அவர் அந்தத் தாளை நூறு பிரதி எடுக்கச் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து முட்டு அகற்றும் நாள். வெளி ஓரத்திலிருந்து சுவரை நோக்கி ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னாள். அடியில் ஒருவரையும் நிற்கவிடவில்லை. செல்வராணியின் போனில் மஸ்கட்டிலிருந்து ஆவுடையப்பன் முகம் தெரிந்தது.

"எறங்குச்சா மேடம்?"

"ஒரு நூலுகூட எறங்கலங்க."

எல்லோரும் போர்டிகோவுக்கு அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். சிவசாமி மட்டும் அவள் பக்கமாக வந்து தொண்டையைச் செருமினார்.

"திருமயத்துல நம்ம பங்காளி ஒருத்தரு வீடு கட்டுறாரு. அதுலயும் இந்த மாதிரி நீட்டல் இருக்கு. ஐப்பசியில நேரம் குறிச்சுக் குடுத்திருக்கேன். பூஜையை எங்கிட்டு வைக்கலாம்னு ஒரு வார்த்த சொல்லிருங்க."

"சுவருக்கு உள்பக்கமா எங்க வேணா வைங்க" என்றாள் திலகவதி. "முடிஞ்சதும் போன் போடுங்க. அப்புறந்தான் நான் பஸ் ஏறுவேன்."