ஈஸ்ட்டுக்கு லீவு இல்லை

எண்பத்தாறாம் வருஷம், தன் பங்குக் கரிசல் நிலத்தை விற்றுத்தான் சாமித்துரை கோவில்பட்டி - கடம்பூர் சாலையில் அந்தக் கொட்டகையைப் போட்டார். வேதியியல் படித்தவர். முதல் தொட்டியில் சீனிப் பாகைக் கருப்புப் பூஞ்சையிடம் விடுவார். அது சீனியை உடைத்து நீளமான சங்கிலிச் சர்க்கரையாகக் கோத்துத் தரும். அது மனிதனுக்குச் செரிக்காது. குடலில் குடியிருக்கும் நல்ல கிருமிகளுக்குத் தீனி. பம்பாய் மருந்துக் கம்பெனி ஒன்று அதைத்தான் கேட்டிருந்தது.

கூடவே சாதாரணச் சர்க்கரையும் தங்கிவிடும். சுத்தம் போதாது என்று கம்பெனி முதல் மாதிரியைத் திருப்பியது. இன்னும் ஒரே ஒரு முறை பார்க்க ஆள் வரும், அதிலும் தேறாவிட்டால் அதோடு சரி என்றார்கள். ஆகவே பாகை இரண்டாம் தொட்டிக்கு மாற்றி ரொட்டிக்கடை ஈஸ்ட்டைப் போட்டார். ஈஸ்ட் முதலில் சாதாரணச் சர்க்கரையைத் தின்னும். அது தீர்ந்ததும் கொதிக்கவைத்து ஈஸ்ட்டைக் கொன்றுவிட வேண்டும். பிந்தினால் சங்கிலியையும் கடித்துவிடும்.

கொதிக்கவைக்க வேண்டிய அன்று ஆயுத பூஜை. தொட்டி கழுவும் பெத்தம்மாள் இரண்டு தொட்டிக்கும் சந்தனம் பூசிப் பொட்டு வைத்திருந்தாள். பூஜையில் இருப்பதை மறுநாள் வரை தொடக்கூடாது. சாமித்துரை அடுப்பருகே போனதும் அவர் அப்பா பரமசிவன் மறித்தார்.

"ஏலே, வருசம் பூரா ஒழைச்ச தொட்டி. ஒரு நா சும்மா கெடக்கட்டும்."

"தொட்டி சும்மா கெடக்கும்ப்பா. உள்ள இருக்குத ஈஸ்ட்டு கெடக்காது."

"அப்ப அதுக்கும் ஒரு பொட்டு வையி."

எல்லாரும் சிரித்தார்கள். சாமித்துரை இன்னும் வாதாடியிருக்கலாம். ஆனால் திருப்பி அனுப்பிய மாதிரி மனதை அரித்துக்கொண்டிருந்தது. கூட ஒரு நாள் கிடந்தால் மிச்சம் மீதியும் போய் இன்னும் சுத்தமாகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சுண்டலை வாங்கித் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் கொதிக்கவைத்து, சாராய வாடை போகும்வரை ஆற்றி, கரித்தூளில் வடித்தார். கண்ணாடி போல் இறங்கியது. பார்க்க வந்த பம்பாய்க்காரர் ஒரு சொட்டை நாக்கில் வைத்தார். இந்தத் தடவை நல்ல சுத்தம், தண்ணீரைப் போலவே இருக்கிறது என்று சொல்லி, மாதிரிப் புட்டியைக் காலியாகவே பையில் போட்டுக்கொண்டு மத்தியான ரயிலுக்குக் கிளம்பினார்.

கொட்டகை தீப்பெட்டிக் குச்சி காயப்போடும் இடமாயிற்று. பூஜையன்று மகன் முகம் சுளித்ததால்தான் தொழில் விளங்கவில்லை என்று பரமசிவன் கோவில்பட்டி முழுக்கச் சொன்னார். கேட்டவர்கள் நம்பினார்கள். சாமித்துரை ஒரு நாளும் மறுக்கவில்லை. மறுத்தால், பூஜையைச் சாக்கிட்டு அன்று தானாகவே வீட்டுக்குப் போனதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.