கிளானா வேறு, கிள்ளான் வேறு

கோலாலம்பூருக்கு முதல் முறையாகப் போகிறவர்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதுங்கள் என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எழுதுகிறேன். ஆனால் நாங்கள் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆவணியில் என் தம்பி செந்திலுக்குக் கோலாலம்பூரை அடுத்த கிள்ளானில் கல்யாணம். அவன் அங்கே நான்கு வருடமாகக் கணினி வேலையில் இருக்கிறான். பெண் லோகேஸ்வரி கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்தவள். எங்கள் வழக்கப்படி தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார், மற்ற இரண்டையும் நாத்தனார் போடவேண்டும். செந்திலுக்கு நான் ஒரே அக்கா. அந்த இரண்டு முடிச்சுக்காகத்தான் கடன்பட்டுக் கெஞ்சி விடுப்பு வாங்கிக்கொண்டு விமானம் ஏறினேன்.

நான் வேலை பார்க்கும் பள்ளியில் காலாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்ததால் சனிக்கிழமைதான் கிளம்ப முடிந்தது. சொந்தக்காரர்கள் எல்லாம் வியாழனே போய்க் கிள்ளானில் இறங்கிவிட்டார்கள். திருச்சியிலிருந்து நேர் விமானம் இருக்கிறது, நான்கு மணி நேரம். மலேசியக் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கிளம்புவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகைப் பதிவு செய்யவேண்டும். எங்கள் வீட்டுக்காரர் அதைச் சரியாகச் செய்துவிட்டார். பயணம் முழுவதிலும் அவர் சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

வீட்டுக்காரரைப் பற்றி இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். எந்த ஊருக்குப் போவதானாலும் ஒரு மாதம் முன்பே காணொளி பார்க்க ஆரம்பித்துவிடுவார். பிறகு அந்த ஊரிலேயே பிறந்தவர்போலப் பேசுவார். விமான நிலையத்தில் இறங்கியதும் உள்ளூர் சிம் கார்டு விற்கிற கடைகள் வரிசையாக இருந்தன. வாங்கிவிடலாம் என்றேன். நான்கு நாளுக்கு எதற்கு, தங்குகிற இடத்தில் வைஃபை இருக்கிறது, வழியெல்லாம் எனக்கு மனப்பாடம் என்றார். முதல் அறிவுரை இதுதான்: அந்தக் கடையைத் தாண்டாதீர்கள். உடன் வருபவர் என்ன சொன்னாலும் தாண்டாதீர்கள்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர விரைவு ரயிலுக்கு ஆளுக்கு ஐம்பத்தைந்து ரிங்கிட், அரை மணி நேரம். பேருந்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது, ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல். பேருந்தில் போனோம். குளிர்பதனம் எலும்பு வரைக்கும் போகிறது. வெளியே இறங்கினால் ஈரத்துணியைப் போர்த்தியதுபோல ஒரு புழுக்கம். கைக்குட்டையும் வேண்டும், சால்வையும் வேண்டும், குடையும் வேண்டும். மூன்றையும் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டுகிறவர் யாரென்று நான் சொல்லவேண்டியதில்லை.

செந்தில் எங்களுக்குக் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் அறை எடுத்திருந்தான். அவன் குடியிருப்பது அதே தெருவில். அன்று மாலை மாப்பிள்ளை அழைப்பு என்பதால் அவன் முன்பே கிள்ளான் போய்விட்டான். நாங்கள் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டதால் அழைப்புக்குப் போக முடியவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கினால் வெளிநாடு வந்த மாதிரியே இருக்காது. பூக்கடை, புடவைக்கடை, ஒலிபெருக்கியில் தமிழ். ஆனால் அந்தத் தமிழை நம்பிவிடாதீர்கள். பணத்தை 'வெள்ளி' என்பார்கள். பத்து வெள்ளி என்று கடைக்காரர் சொன்னதும் நான் பத்தாவது வெள்ளிக்கிழமையைத் தேடினேன். இரவு சாப்பிடப் போன கடையில் பையன் தோசையை வைத்துவிட்டு வீட்டுக்காரரிடம் "தண்ணி என்னண்ணே?" என்றான். இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, என்னை ஒரு பார்வை பார்த்து, அதெல்லாம் பழக்கமில்லை தம்பி என்றார். அங்கே தண்ணி என்றால் டீ, காப்பி, ஜூஸ் எதுவானாலும்தான். வெறும் பாலில்லாத தேநீர் வேண்டுமானால் 'தே ஓ' என்று சொல்லவேண்டும், இல்லாவிட்டால் கெட்டிப்பால் கொட்டி வரும்.

அன்றிரவு அறை வைஃபையில் செந்தில் பேசினான். முகூர்த்தம் ஏழரையிலிருந்து ஒன்பது, விடிகாலை ஐந்தரைக்குக் கார் அனுப்புகிறேன் என்றான். நான் சரி என்று சொல்வதற்குள் இவர் கைப்பேசியை வாங்கிவிட்டார். ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, நேராகக் கிள்ளானுக்கு வண்டி, ஒரு மணி நேரம், ஐந்தாறு வெள்ளி, கல்யாண வேலையில் உங்களுக்கு எதற்குத் தொந்தரவு என்று பெருந்தன்மையாகப் பேசி முடித்துவிட்டார். உண்மையிலேயே வண்டி இருக்கிறது. நீங்கள் தாராளமாக அதில் போகலாம், அதில் ஏறினால்.

ஞாயிறு காலை ஆறேகாலுக்குக் கிளம்பினோம். அந்த ஊரில் ஏழு மணிக்குத்தான் விடிகிறது, ஆறேகால் என்பது நம் ஊர் ஐந்து மணி மாதிரி கும்மிருட்டு. நிலையத்துக்குக் குறுக்கு வழி மால் வழியாகப் போகிறது. அந்நேரத்தில் மால் பூட்டியிருந்தது, பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றிப் போனேன். உள்ளே போனால் அது நிலையம் இல்லை, ஒரு சந்தை. ஐந்தாறு வகை ரயில்கள், ஒவ்வொன்றுக்கும் தனி வாசல், தனி டிக்கெட்.

கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்தின் முகவரி தமிழில் இருந்தது: ஜாலான் தெங்கு கிளானா, கிள்ளான். ஜாலான் என்றால் சாலை. வீட்டுக்காரர் ஒரு காவலாளியிடம் போய் "கிள்ளான்? கிள்ளான்?" என்றார். அவர் தமிழர் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு "கிளானா?" என்று திருப்பிக் கேட்டார். இவருக்கு ஒரே சந்தோஷம். பத்திரிகையை என்னிடம் காட்டி, பாத்தியா, கிளானாதான் என்றார். காவலாளி கைநீட்டிய பக்கம் பெரிய பலகை: கிளானா ஜெயா. மூன்று வெள்ளிக்குள் டிக்கெட், இயந்திரத்திலிருந்து டிக்கெட்டாக ஒரு நீலநிற பிளாஸ்டிக் வில்லை விழுந்தது. சில்லறை நோட்டு வைத்திருங்கள், இயந்திரம் பெரிய நோட்டை வாங்காது. எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. ஒரு மணி நேர வண்டிக்கு எப்படி மூன்று வெள்ளி என்று கேட்டேன். அங்கெல்லாம் அரசாங்க மானியம் என்றார்.

ஏழு மணி வாக்கில் கிளானா ஜெயாவில் இறங்கினோம். நெடுஞ்சாலை, அடுக்குமாடிகள், பூட்டிய கடைகள். நாதஸ்வரச் சத்தம் இல்லை, வாழைமரம் இல்லை, ஒரு பூக்கடைகூட இல்லை. கிள்ளானின் தமிழ்க் கடைத்தெருவே அந்தத் தெங்கு கிளானா சாலைதான் என்று செந்தில் சொல்லியிருந்தான். இவர் இந்தப் பக்கம் இருக்கும் என்று இருபது நிமிடம் நடத்தினார், பிறகு அந்தப் பக்கம் இருக்கும் என்று இருபது நிமிடம் நடத்தினார். கைப்பேசியில் இணையம் இல்லை, அழைப்பும் போகாது. வியர்வையில் ஜாக்கெட் ஒட்டிக்கொண்டது. அழுகை வந்தது. கோபத்தில் வருகிற அழுகை.

கடைசியில் நடைபாதையில் மேசை போட்டு நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் விற்கிற இடத்தில் ஒரு டாக்சிக்காரர் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் விபூதியைப் பார்த்ததும் ஓடிப்போய்ப் பத்திரிகையை நீட்டினேன். படித்துப் பார்த்தவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அக்கா, இது கிளானா ஜெயா. நீங்க போக வேண்டியது கிள்ளான். கிளானா வேற, கிள்ளான் வேற லா."

அப்படியானால் பத்திரிகையில் ஏன் கிளானா என்று போட்டிருக்கிறது என்று வீட்டுக்காரர் அவரோடு வாதாட ஆரம்பித்தார். அது கிள்ளானில் இருக்கிற ஒரு சாலையின் பேர், இது கோலாலம்பூருக்குப் பக்கத்துப் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கிற ஒரு இடத்தின் பேர் என்றார் அவர். மற்ற எல்லாரும் அந்த ஊரை 'கிளாங்' என்றுதான் சொல்கிறார்கள், கிள்ளான் என்பது நம் ஆட்கள் மட்டுமே சொல்கிற பெயர் என்பதும், பேச்சின் வாலில் ஒட்டுகிற 'லா' அந்த ஊர் வழக்கம் என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. இத்தனை காணொளி பார்த்தவருக்கு இது தெரியவில்லை.

நாற்பத்தைந்து வெள்ளிக்கு வண்டி பேசிக் கிளம்பும்போது மணி ஏழே முக்கால். சாதாரணமாக முப்பத்தைந்து நிமிடம்தான், பயப்படாதீங்க என்றார். அவருடைய கைப்பேசியிலிருந்தே பத்திரிகையில் இருந்த எண்ணுக்கு அழைத்துக் கொடுத்தார். எடுத்தது பெண்ணின் அம்மா. பின்னால் மேளச் சத்தம். விஷயத்தைச் சொன்னேன். நேரமாகிவிட்டால் எனக்காகக் காத்திருக்க வேண்டாம், வேறு யாரையாவது முடிச்சுப் போடச் சொல்லுங்கள் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். "தம்பிகிட்ட சொல்றேன்மா, நீங்க பாத்து வாங்க" என்று வைத்துவிட்டார்.

பிறகு மழை. அந்த ஊர் மழை தூறல் போட்டு ஆரம்பிப்பதில்லை, எடுத்த எடுப்பில் கொட்டுகிறது. பாதி வழியில் ஒரு லோரி குறுக்கே நின்றுவிட்டது. லாரியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லாம் பாலத்துக்கு அடியில் ஒதுங்கி மழைக்கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள். எட்டரை ஆயிற்று, எட்டே முக்கால் ஆயிற்று. வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. ஒன்பதுக்குக் கிள்ளான் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினோம். முகூர்த்தம் முடிந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இனி யார் முடிச்சுப் போட்டார்கள் என்று விசாரித்து, அவர்களிடம் சிரித்துப் பேசி, சாப்பிட்டுவிட்டு வரவேண்டும்.

தெங்கு கிளானா சாலையில் வண்டி நகரவில்லை. மழையிலேயே இறங்கி ஓடினேன். மண்டபத்து வாசலில் சந்தனக் கிண்ணம் வைத்திருந்த பெண்கள் "வந்துட்டாங்க" என்று உள்பக்கம் பார்த்துச் சொன்னது காதில் விழுந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் எழுந்து சாப்பாட்டுப் பக்கம் போயிருந்தார்கள். மேடையில் மாலையோடு லோகேஸ்வரி குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் செந்தில் வளைந்து நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையும் அவள் பின்கழுத்தில் இருந்தன.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஐயர் இனிமேல் காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டாராம். செந்தில் முதல் முடிச்சைப் போட்டான். பெரியம்மா மகள் அடுத்த முடிச்சுக்குக் கை நீட்டினாள். இவன் கயிற்றை விடவில்லை. ஒற்றை முடிச்சு நழுவிவிடும் என்பதால் இரண்டு நுனியையும் இழுத்துப் பிடித்தபடி அப்படியே நின்றிருக்கிறான். நேரத்துக்கு ஒன்று போட்டாயிற்று, மற்ற இரண்டுக்கும் அக்கா வரவேண்டும் என்று ஐயரிடம் சொல்லியிருக்கிறான். கால் மணி நேரம்.

நான் ஈரக் கையோடு மேடை ஏறினேன். செந்தில் நுனிகளை என் விரலில் கொடுத்தான். அவன் விரல்கள் மஞ்சளாக இருந்தன. மாலைக்குள்ளிருந்து லோகேஸ்வரியின் குரல் மட்டும் வந்தது.

"அண்ணி, கழுத்து வலிக்குது. சீக்கிரம் போடுங்க லா."

அழுதுகொண்டே சிரித்துக்கொண்டே போட்டேன். இறங்கி வந்ததும் பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, வாங்க பசியாறலாம் என்றார். பசியாறுவது என்றால் அங்கே காலைச் சாப்பாடு. அந்த ஊர்த் தமிழில் எனக்குப் பிடித்த வார்த்தை அதுதான்.

இனி உங்களுக்கு. சிம் வாங்குங்கள். தமிழரிடம் கிள்ளான் என்று கேளுங்கள், மற்றவர்களிடம் கிளாங் என்று கேளுங்கள், முடிந்தால் எழுதியே காட்டுங்கள், ஆனால் சாலையின் பெயரைக் காட்டாதீர்கள். நிலையத்துக்குள் 'கொமுட்டர்' என்று எழுதியிருக்கிற வாசலில் போனால்தான் கிள்ளான் வண்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் அது அடிக்கடி வராது, ஒன்றை விட்டால் அரை மணி நேரம்கூட ஆகலாம். மழைக்கு எப்போதும் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். காரியமாகப் போகும்போது யாராவது கார் அனுப்புகிறேன் என்றால் வாயை மூடிக்கொண்டு ஏறி உட்காருங்கள்.

போன வாரம் கல்யாண ஆல்பம் வந்தது. மேடையில் எனக்காகக் காத்திருந்த அந்தக் கால் மணி நேரத்தில் புகைப்படக்காரருக்கு வேறு வேலை இருந்திருக்காது போல. ஒரே மாதிரி பதினெட்டுப் படம். எல்லாவற்றிலும் லோகேஸ்வரி குனிந்திருக்கிறாள், செந்தில் கயிற்றைப் பிடித்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அதில் ஒன்றைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். வீட்டுக்காரர் அதற்குக் கீழே உட்கார்ந்துதான் இப்போது பினாங்குக்கு வழி பார்த்துக்கொண்டிருக்கிறார்.