கோமாரி வந்த ஓடை

அதைக் காட்டெருமை என்று யார் எழுதி வைத்தார்களோ, அவர்களைக் கண்டால் நாலு வார்த்தை கேட்க வேண்டும். எருமை மாதிரிச் சேற்றில் புரளுமா அது? இருண்ட உடம்பும், முழங்காலுக்குக் கீழே சுண்ணாம்பு அடித்தது போல வெளுப்புமாக நின்றால் அத்தனை கம்பீரம். எங்கள் பக்கத்தில் காட்டுமாடு என்றுதான் சொல்வோம். மாட்டுச் சாதிதான் அது. நம் மாட்டுக்கு வருகிற சீக்கு அதற்கும் வரும். அது எங்களுக்கு அப்போது தெரியாது.

நான் பிறந்த ஊர் கான்சாபுரம். அண்ணன் அங்கே மலைமாடு வைத்திருந்தான். என் வீட்டுக்காரர் காட்டிலாகாவில் வாட்சர். காடு சரணாலயமாகிச் சில வருஷங்களில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அவரை எங்கள் ஊர் அடிவாரத்துக்கே போட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வீட்டைக் காலி செய்துகொண்டு வந்தோம். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே இலையில் சாப்பிடாத குறைதான்.

மலையோடைக்கு விடியலில் காட்டுமாட்டுக் கூட்டம் ஒன்று தண்ணீருக்கு இறங்கும். முன்னால் வருவது எப்போதும் ஒரு வயதான பசு. அது மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்து, தண்ணீரில் வாய் வைத்த பிறகுதான் மற்றவை வரும். பாறைக்குப் பின்னால் இருந்து அதைப் பார்த்துவிட்டு வந்தால்தான் இவருக்குக் காபி இறங்கும்.

"இன்னைக்குக் கெழவி கன்னோட வந்தா" என்பார்.

"பேசாம அந்தக் கெழவியையே கட்டியிருக்கலாம்ல. என்னை எதுக்குக் கட்டுனீய?" என்பேன். சிரித்துக்கொள்வார்.

அந்த ஐப்பசியில் ஊர் மாடுகளுக்குக் கோமாரி வந்தது. வாயில் நுரை, குளம்பிடுக்கில் புண். சீக்கு மாடுகளை ஊருக்குள் வைக்காமல் மலையோடைக்கு ஓட்டிப்போய், ஓடுகிற தண்ணீரில் பகலெல்லாம் நிறுத்துவது எங்கள் ஊர் வழக்கம். புண் ஆறும், நோய் தண்ணீரோடு போய்விடும் என்பார்கள். தண்ணீரோடு எங்கே போகும் என்று யாரும் கேட்டதில்லை. அண்ணனும் ஓட்டிப்போனான். இவருக்கும் தடுக்கத் தோன்றவில்லை. மாடுகள் தேறிவிட்டன, எல்லோருக்கும் நிம்மதி.

கொஞ்ச நாளில் ஓடைக்கரையில் அந்தக் கிழட்டுப் பசு மடங்கிக் கிடந்ததை இவர் பார்த்தார். வாயில் அதே நுரை. எழுந்திருக்க முடியவில்லை. கூட்டம் மேலேறிப் போய்விட்டது. கன்று மட்டும் போகவில்லை. அதிகாரி வந்து பார்த்துவிட்டு, கிட்டே யாரும் போகக்கூடாது, நம்மால் ஆவது ஒன்றுமில்லை என்று சொல்லிப் போனார். நாய்கள் நெருங்காமல் இவர் கல்லும் கம்புமாகத் தூரத்தில் காவல் இருந்தார். சோறு கொண்டுபோன நான் அதன் கண்ணைப் பார்த்தேன். அண்ணன் தொழுவத்து மாடு பார்க்கிற மாதிரியே பார்த்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அது செத்தது. பின்னாலேயே கன்றும் செத்தது.

அண்ணன் வந்து வாசலில் நின்றான். "ஊரு செஞ்சதத்தான மாப்ள நானும் செஞ்சேன். எனக்கு என்ன தெரியும்?"

இவர் கம்பை எடுத்துக்கொண்டு காட்டுக்குக் கிளம்பிவிட்டார். அதோடு பேச்சு நின்றுபோனது. திருக்கார்த்திகை வந்தது, பொங்கல் வந்தது, இவர் வாயே திறக்கவில்லை. சண்டை போட்டுத் தொலைத்தாலும் தேவலை என்றிருந்தது எனக்கு. இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து வெந்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் மறுபடியும் கோமாரி. ஊர் மாடுகளை ஓடைக்கு ஓட்டக் கிளம்பினார்கள். அண்ணன் பாதையில் குறுக்கே போய் நின்றுகொண்டான்.

"ஒரு மாடு ஓடைக்குப் போகக்கூடாது."

"ஏலே, வாட்சர் மச்சான்னு அதிகாரம் பண்ணுதியோ?" என்று ஏசினார்கள். அவன் நகரவில்லை. கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார்கள்.

தன் மாடுகளைத் தொழுவத்திலேயே கட்டினான். அடைமழை. சகதியில் நின்று நின்று குளம்பில் புழு வைத்தது. பெரிய மாடுகள் எப்படியோ தப்பின. பால்குடி மறக்காத கன்றுகள் ஒவ்வொன்றாகச் செத்தன. அண்ணி என் வீட்டுக்காரரையும் சேர்த்துத்தான் ஏசினாள். ஏசட்டும், வயிறு எரிகிறவள் வேறு என்ன செய்வாள்.

கடைசிக் கன்றையும் புதைத்துக்கொண்டிருந்த சாயங்காலம், நான் அங்கேதான் நின்றேன். இவர் காட்டிலிருந்து அந்த வழியாக வந்தார். அண்ணன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தான்.

"மாப்ள, ஓடைக்குக் காட்டுமாடு வருதா?"

இவர் குழிக்குள் கிடந்த கன்றைப் பார்த்தார்.

"வருது மச்சான். நேத்துக்கூட வந்துட்டுப் போயிருக்கு. கன்னுத் தடமும் கெடக்கு."

அண்ணன் தலையை ஆட்டினான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மண்ணைத் தள்ள ஆரம்பித்தான். இவரும் குனிந்து கையால் தள்ளினார்.

அன்று காலையில் நான் ஓடையில் துணி துவைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஈர மணலில் என் கால் தடத்தைத் தவிர ஒன்றும் இல்லை. கிழவி செத்த நாளிலிருந்து அந்தக் கூட்டம் அங்கே இறங்கவே இல்லை.