சகலை வீட்டுக் குட்டை மரம்

என் சகலையைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுதினால் எழுதுவது அத்தனையும் பொய்யாகிவிடும். அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

என் மனைவியின் அக்காவைக் கட்டியவர் அவர். பல்செட் செய்வது தொழில். டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் பட்டறை ஜன்னலோரம் உட்கார்ந்து மெழுகைச் செதுக்கி, பல் பல்லாகப் பதித்து, தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுப்பார். எங்கள் மாமியார் வாயில் இருப்பதும் அவர் செய்த செட்தான். மாமியார் சிரித்தாலே அது அவருக்கு விளம்பரம். அந்தச் சிரிப்பை என் பக்கம் திருப்பி, "மூத்த மாப்பிள்ளை கையே கை" என்பார். நான் லிஃப்ட் மெக்கானிக். நான் பழுது பார்த்த லிஃப்டில் பாதி ஊர் ஏறி இறங்குகிறது. என் கையைப் பற்றி இதுவரை ஒருவரும் வாய் திறந்ததில்லை.

பல்லோடு நிறுத்தியிருந்தால் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். மனிதர் வீட்டு வாசலில் மரம் வேறு வளர்த்தார். குட்டை ஊசியிலை மரங்கள், மொத்தம் பதினான்கு. குளிரானாலும் வெயிலானாலும் பச்சை மாறாது. எத்தனை வருஷமானாலும் இடுப்பைத் தாண்டாது. ஒன்று பந்து மாதிரி உருண்டை, ஒன்று பாய் விரித்த மாதிரி தரையோடு தரை. நடுத் தொட்டியில் இருந்தது கூம்பு. விரல் நீளக் குச்சியை நட்டு வேர் பிடிக்க வைத்தாராம். பதினெட்டு வயது, முழங்கால் உயரம். சீவிவிட்ட மாதிரி எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே அளவு.

அதற்கு நடந்த பணிவிடையைக் கேளுங்கள். மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் தண்ணீர். ஞாயிறு தவறாமல் தொட்டியைக் கால்வாசி திருப்புவார், எல்லாப் பக்கமும் வெயில் படவேண்டுமாம். பல் குடைகிற கொக்கியை வைத்து உள்ளே காய்ந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுப்பார். வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டி, சிலந்திப்பேன் விழுகிறதா என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்ப்பார். வளரவே வளராத மரத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டம்!

என் மனைவி அந்த வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். "மாமாவுக்கு எவ்வளவு பொறுமை பாருங்க. நீங்க ஒரு ரோஜாச் செடியை உருப்படியா வச்சிருக்கீங்களா?" என்று வீடு வரும்வரை அதே பாட்டு. இருபது வருஷமாகக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிற்று. வேறெதுவும் வேண்டாம். ஒரே ஒரு தடவை அவள் என்னை அப்படிப் பார்க்கவேண்டும். எனக்கிருந்த ஆசையெல்லாம் அவ்வளவுதான்.

வாய்ப்பு தானாக வந்தது. மகள் பிரசவத்துக்காக அவரும் அக்காவும் இரண்டு மாதம் வெளியூர் போகவேண்டியிருந்தது. சாவியையும், செய்யவேண்டியதை எழுதிய தாளையும் என்னிடம் கொடுத்தார்.

"இவரா பார்த்துக்கப் போறாரு? பாவம் மரம்" என்றாள் என் மனைவி, என் முன்னாலேயே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அதெல்லாம் சகலை நல்லாப் பார்த்துக்குவாரு" என்றார் அவர். இப்படி நல்லவராகவே இருந்து உயிரை வாங்குவார்.

தாளில் எழுதியிருந்தபடி எல்லாம் செய்தேன். ஐந்தாவது வாரம் கூம்பின் விலாவிலிருந்து ஒரு தளிர் கிளம்பியது. மற்ற ஊசிகளைவிட நீளமான ஊசி, வெளிர்பச்சை, நேராக வானத்தைப் பார்த்து நின்றது. லிஃப்டுக்கு வைத்திருக்கும் டேப்பை எடுத்து அளந்தேன். ஒரு வாரத்தில் இரண்டு விரல்கடை! எனக்குத் தலைகால் புரியவில்லை. குச்சி நட்டுக் கட்டினேன். உரம் போட்டேன். தாளில் உரத்தைப் பற்றி ஒன்றும் இல்லை, நானாகத்தான் போட்டேன்.

மனைவியைக் கூட்டிவந்து காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அடேயப்பா! மாமாகிட்ட பதினெட்டு வருஷமா முழங்காலைத் தாண்டல. உங்க கை பட்டதும் இப்படிக் கிளம்பிடுச்சே!"

அன்று மாலைக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். மாமியார் வந்து பார்த்து, அந்தப் பல்லாலேயே என்னைப் புகழ்ந்தார். நான் தரையில் நடக்கவில்லை என்றே சொல்லலாம்.

சகலை ஊரிலிருந்து வந்ததும் பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் கூம்பின் முன்னால் போய் நின்றார். முகம் ஒரு மாதிரி ஆனது. வெந்து போகட்டும் என்று மனதுக்குள் குதித்தேன். என் மனைவி முந்திக்கொண்டு, "எல்லாம் இவரோட கைராசி மாமா!" என்றாள். அவர் அவளைப் பார்த்தார், அப்புறம் என்னை.

"ஆமாம்மா. நல்ல கைராசிதான்" என்றார்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் டேப்போடு போனேன். "தண்ணி பத்தலயே சகலை" என்று அவருக்கே புத்தி சொன்னேன். "நீங்க சொன்னா சரி" என்பார். இரண்டு வசந்தம் போனது. கிளை என் இடுப்பைத் தொட்டது. ஆனால் கீழே பழைய கூம்பு மஞ்சளாகி மெலிந்துகொண்டே வந்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது: பொறாமை! நான் வளர்த்தது பொறுக்காமல் சரியாகக் கவனிக்காமல் விட்டிருக்கிறார். ஒரு நாள் கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று, மஞ்சளான துண்டை ஒடித்துக்கொண்டு நர்சரிக்காரம்மாவிடம் போனேன்.

அந்தம்மா துண்டைத் திருப்பிப் பார்த்தார். "மேல ஒண்ணு நெட்டுக்குத்தா ஓடுதா?"

"ஆமாங்க. நான் வளர்த்தது."

"ஐயோ, நீங்க வேற! குட்டை ரகத்துல எப்பவாவது ஒரு கிளை பெரிய மரத்தோட குணத்துக்குத் திரும்பிடும். பார்த்த அன்னைக்கே அடியோட வெட்டணும். விட்டா சத்தெல்லாம் அதுவே இழுத்துக்கிட்டு மத்ததைக் கொன்னுடும். பல்செட் செய்றவர் மரமா இது? அவருக்குத் தெரியாததா? எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்."

எப்படி அங்கிருந்து வந்தேன் என்று தெரியவில்லை. நேராக அவர் பட்டறைக்குப் போனேன். யார் வாய்க்கோ ஒரு பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சே ஏன் வெட்டாம விட்டீங்க?"

அவர் எதைப் பற்றி என்று கேட்கவில்லை. மெஷினை நிறுத்தினார். "சின்னவ உங்களை அப்படிப் பெருமையாப் பேசி நான் கேட்டதே இல்ல சகலை. அவ முன்னாடி எப்படி வெட்டுறது?"

எனக்கு வெட்கம் வந்திருக்கவேண்டும். கோபம்தான் வந்தது. பெரிய மனிதத்தனம் காட்டுகிறாராம், பெரிய மனிதத்தனம்! அவரை யார் கேட்டார்கள்?

"இப்ப வெட்டினா?"

"மரம் பிழைச்சுக்கும். அந்தப் பக்கம் பொத்தலாவே நிக்கும். காஞ்ச கட்டையில இது திரும்பத் துளிர்க்காது. விடுங்க, இருந்துட்டுப் போகட்டும்."

கத்தரியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போய் நானே அடியோடு வெட்டினேன். வெட்டிய இடத்தில் தலை நுழைகிற அளவுக்குப் பள்ளம். உள்ளே வெறும் பழுப்புக் குச்சிகள். பதினெட்டு வருஷம் ஞாயிறுதோறும் திருப்பித் திருப்பி வளர்த்த வடிவம். அவர் பக்கத்தில் நின்று காய்ந்த ஊசிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

கிளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். "ஐயையோ, யாரு வெட்டினா?" என்று ஓடிவந்தாள் என் மனைவி. வழியில் நாலைந்து பொய் யோசித்து வைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னேன். உரம் போட்டதைச் சொன்னேன், அவருக்குப் பொறாமை என்று நினைத்ததைச் சொன்னேன், உண்மையில் யாருக்குப் பொறாமை என்பதையும் சொன்னேன். இருபது வருஷத்தில் அவளிடம் நான் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

அவள் கடைசிவரை கேட்டாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். இப்போதாவது என்னைப் பற்றி ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன்.

"பாருங்களேன்" என்றாள், "எப்பேர்ப்பட்ட மனசு மாமாவுக்கு!"