எண்ணெய் கலக்காத பெட்ரோல்

அனந்தபுரம் மார்க்கெட்டில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டைகளுக்கு வாய் தைக்கும் அன்புச்செல்வனுக்குக் கால் இரண்டும் பேருக்குத்தான். இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளைவாதம் இடுப்புக்குக் கீழே எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டது. கை மட்டும் தேக்கங்கட்டை. அந்தக் கையை நம்பித்தான் ஜெசிந்தா அவனைக் கட்டிக்கொண்டாள். ஊர் சிரித்தது. ஊருக்கென்ன, சிரிப்புக்குக் காசா பணமா!

கல்யாணமான வருஷமே பழைய டூ ஸ்ட்ரோக் மொபெட் ஒன்றை வாங்கி, திண்டிவனம் பட்டறையில் கொடுத்துப் பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் வைத்துக்கொண்டான். அன்று முதல் அவனுக்குக் கால் அதுதான். கிக்கரைக் கையால் அழுத்தித்தான் ஸ்டார்ட் செய்வான். இந்த ரக வண்டிக்கு வெறும் பெட்ரோல் ஆகாது. ஆயிலும் கலந்து ஊற்ற வேண்டும். இன்ஜினுக்குள் பிஸ்டன் ஏறி இறங்க அந்த ஆயில்தான் வழவழப்பு. அன்புச்செல்வன் டானிக் மூடியால் அளந்து, பாட்டிலில் குலுக்கி, தானே ஊற்றுவான். எதற்காக ஆயில் என்று பெண்டாட்டியிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆம்பளைகளுக்கே உள்ள வியாதி இது. வண்டி சமாச்சாரம் பொம்பளைக்கு எதற்கு என்று வாயை மூடிக்கொள்வார்கள், பிறகு தலையில் அடித்துக்கொள்வார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜெசிந்தாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போயின. புதனும் சனியும் விழுப்புரத்துக்குப் போய் மிஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். ஒரு முறை பஸ்ஸில் போய், திரும்பும்போது தலை சுற்றிப் படியிலிருந்து விழுந்தாள். அதற்கப்புறம் மொபெட்தான். ஆனால் அந்தப் புகை! ஏற்கெனவே குமட்டிக்கொண்டிருக்கிற வயிறு. வழியெல்லாம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வருவாள். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

அந்த வாரம் புதன்கிழமை பெய்த மழையில் தரைப்பாலம் முழுகிவிட்டதால் போக முடியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஜெசிந்தாவின் பாதம் ஊதிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரி நர்ஸ் கலைப்பிரியா போனில் சொல்லிவிட்டாள்: "நாளைக்குப் பத்து மணிக்குள்ள வந்துடுங்கண்ணா. லேட்டானா மிஷின் அடுத்தவங்களுக்குப் போயிடும். அப்புறம் திங்கக்கெழமதான்." திங்கள்கிழமை வரை ஜெசிந்தா தாங்க மாட்டாள் என்பது புருஷன் பெண்டாட்டி இருவருக்குமே தெரியும். ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலையில் அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது, "பெட்ரோலு நானே ஊத்திட்டேங்க, ஜல்தி கெளம்புங்க" என்றாள். கலந்து வைத்திருந்த பாட்டிலைத்தான் ஊற்றியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

வழியில் அவளே சொன்னாள், "பாத்தீங்களா, இன்னிக்கிப் பொகையே காணோம்." குரலில் அப்படி ஒரு சந்தோஷம். காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது போல என்று இவனும் இருந்துவிட்டான். புகையாத டூ ஸ்ட்ரோக்கை நம்பாதே என்பது பாலபாடம். அவசரத்தில் அது அவன் புத்திக்கு எட்டவில்லை.

மண்டகப்பட்டைத் தாண்டியதும் இன்ஜின் கீச்சென்று கத்திவிட்டு நின்றது. கிக்கர் இறங்கவில்லை. டேங்க் மூடியைத் திறந்து விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தான். துளி வழவழப்பு இல்லை.

"எந்தப் பெட்ரோல ஊத்துன?"

"கெங்கம்மாக்கா கடையில வாங்கியாந்தேன். எண்ண கலக்காத சுத்தமான பெட்ரோலாக் குடுன்னு கேட்டு வாங்கனேன். அந்த எண்ணதான பொகையுது. ஏங்க, என்னா ஆச்சி?"

தன் உயிரைக் காப்பாற்றப் போகிற வண்டியைத் தானே கொன்றுவிட்டாள். இது அவளுக்குத் தெரியவே கூடாது, சாகும் வரை தெரியக் கூடாது என்று அந்த நிமிஷமே முடிவு செய்தான்.

"ஒண்ணுமில்ல, பிளக்கு போயிருக்கும்" என்றான்.

இன்ஜின் ஆறட்டும் என்று காத்திருந்து அழுத்தினான். புண்ணியத்துக்குக் கொஞ்ச தூரம் ஓடி, இந்த முறை ஒரேயடியாக இறுகிக்கொண்டது. மணி ஒன்பது.

"நீங்க ஹேண்டில மட்டும் புடிங்க" என்று ஜெசிந்தா இறங்கிப் பின்னால் போய்த் தள்ள ஆரம்பித்தாள். வேண்டாம் வேண்டாம் என்று அவன் கத்தியது எடுபடவில்லை. ஊதிய காலோடு நாலு எட்டு தள்ளுவாள், நின்று மூச்சு வாங்குவாள், மறுபடி தள்ளுவாள். பைக்கில் போன ஒருவன் நிறுத்தித் திட்டினான்: "யோவ், முடியாத பொம்பளயத் தள்ள உட்டுட்டு ராஜா மாரி குந்திக்கினு போறியே, வெக்கமா இல்ல?" அன்புச்செல்வன் ஹேண்டிலைப் பிடித்தபடி அழுதான்.

பஸ் ஸ்டாப்புக்கு வந்து சேர்ந்தபோது விழுப்புரம் பஸ் தூரத்தில் தெரிந்தது.

"ஏறிப் போயிடு ஜெசி."

"உங்கள இங்க உட்டுட்டா? ஒண்ணுக்கு வந்தாக்கூட யாரு தூக்கி எறக்குவா?"

"நான் பாத்துக்கிறேன். வண்டிய உட்டுட்டு நான் வர முடியாது. போவலன்னா செத்துடுவ."

"செத்தா இங்கயே சாவுறேன். தனியா போவமாட்டேன்."

வண்டியின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். பஸ் வந்து நின்றது. கண்டக்டர், "ஏறும்மா, நேரமாவுது" என்றார். அவள் அசையவில்லை. கெஞ்சினால் ஏற மாட்டாள், கோபம் வந்தால்தான் ஏறுவாள் என்று அன்புச்செல்வனுக்குப் புரிந்தது. சாகும் வரை சொல்லக் கூடாது என்று நினைத்ததை முக்கால் மணி நேரத்துக்குள் சொன்னான்.

"எண்ண இல்லாம ஊத்தி இன்ஜின நீதான்டி கொன்ன! என் காலு அது! என் கால ஒடச்சிட்டு இன்னும் எதுக்கு எம் மூஞ்சில நின்னுக்கினு இருக்க? போடி!"

ஜெசிந்தாவின் கை கம்பியிலிருந்து தானாக விழுந்தது. படியேறினாள். பஸ் போய்விட்டது.

வெயில் ஏறிய பிறகு நர்ஸ் போன் செய்தாள். "பத்து மணிக்குள்ள வந்துட்டாங்கண்ணா, மிஷின்ல போட்டாச்சி. ஆனா அழுதுக்கினே இருக்காங்க. பிரஷர் ஏறிக்கினே போவுது. என்னா சொல்லி அனுப்பனீங்க?"

போனை அவள் காதில் வைக்கச் சொன்னான்.

"ஜெசி, நான் சொன்னது பொய்யி. ஒன்ன பஸ்ஸுல ஏத்தறதுக்குத்தான் அப்பிடிச் சொன்னேன். பிளக்குதான் போயிருந்திச்சி, மாத்தியாச்சி."

மிஷின் சத்தத்துக்கு நடுவே ஜெசிந்தா கேட்டாள்:

"அப்ப வண்டி ஓடுதா?"

அன்புச்செல்வன் உடம்பின் பாரத்தையெல்லாம் கையில் போட்டுக் கிக்கரை அழுத்தினான். அசையவே இல்லை, போனில் கேட்க ஒரு சத்தமும் வரவில்லை.

"ஓடுதும்மா. சாயங்காலம் ஒன்ன அழைக்க வர்றேன்."

"சரிங்க" என்றாள். "அவசரப்படாதீங்க, மெதுவா வாங்க."